சிறிய எழுத்தில் ஷோர்

விறகடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற நாற்காலியில் உட்காருங்கள். ஜன்னலோரத்து நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. வருகிறவர்கள் எல்லோரும் துறைமுகத்தைப் பார்க்கலாம் என்று அதில்தான் போய் உட்காருவார்கள், பிறகு பேச்சு முடியும்வரை ஆடிக்கொண்டே இருப்பார்கள். தேநீர் வேண்டாம் என்கிறீர்கள். சரி. நான் கொடுப்பதைக் குடிக்க யோசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் யோசிப்பேன்.

அந்தப் பதிவுக் கருவியை மேசை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் இர்வின் பீட்டி. நியூசிலாந்தின் டனீடினில் கடல் அலைகளின் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். லூபே வைனிகோலோ என்ற மாணவிக்கு என்ன நடந்தது என்று விசாரிக்கப் பல்கலைக்கழகம் வெளியாளாகிய உங்களை நியமித்திருக்கிறது. எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் எழுத்துகளின் அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துறையில் ஆய்வேடுகளை லேடெக் என்ற மென்பொருளில்தான் எழுதுவோம். படித்த நூல்களையும் கட்டுரைகளையும் ஒரு கோப்பில் போட்டு வைத்துவிடுவோம். ஆசிரியர் யார், தலைப்பு என்ன, எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விவரம். ஆய்வேட்டின் கடைசியில் நூற்பட்டியலாக வரும்போது அந்த விவரங்கள் எந்த வரிசையில் நிற்க வேண்டும், தலைப்பில் எந்த எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதை இன்னொரு கோப்பு தீர்மானிக்கும். அதைப் பாணிக் கோப்பு என்போம். எங்கள் துறையின் பாணிக் கோப்பை எழுதியவன் நான். இளைஞனாக இருந்தபோது எழுதினேன், அதன் பிறகு வந்த ஒவ்வொரு மாணவனும் அதைத்தான் பயன்படுத்தினான்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் ஆளா பொருளா என்பதைப் பல நேரம் முதல் எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். என் பாணிக் கோப்பு தலைப்பின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சிறிதாக்கிவிடும். நடுவில் ஒரு பெயர் இருந்தால் அதை வளைவு அடைப்புக்குள் போட வேண்டும். போட்டால் பெயர் பிழைக்கும். போடாவிட்டால் அது பெயர் என்று மென்பொருளுக்குத் தெரியாது. இது என் கண்டுபிடிப்பல்ல. பாதி உலகம் இப்படித்தான் செய்கிறது. இதில் குற்றம் எதுவும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

லூபே என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தது நான்கு வருஷத்துக்கு முன்னால். ஆக்லாந்தில் மாங்கெரேயில் வளர்ந்தவள், பெற்றோர் பசிபிக் தீவுநாடான தொங்காவில் வவாவுத் தீவுக்காரர்கள். அவர்களுடைய கிராமத்துக்குள் ஒவ்வொரு புயலுக்கும் கடல் ஏறி வருமாம். எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் அவள் ஆய்வு. பவளத்திட்டைத் தாண்டி அலை எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. அதற்குப் பீட்டி விதி என்று பெயர். ஆமாம், என் பெயர்தான்.

நல்ல பெண். படிக்கட்டில் ஏறி வரும்போதே சிரிப்புச் சத்தம் கேட்கும். இர்வின் என்று கூப்பிடச் சொன்னேன், கடைசிவரை அவள் வாயில் அது வரவில்லை, புரொபசர்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுவாள், திங்கட்கிழமை மிச்சமிருந்த சேம்பிலைக் கறியை டப்பாவில் கொண்டுவந்து துறை முழுக்கக் கொடுப்பாள். ஒரு குணம் மட்டும் உண்டு. பட்டியலில் ஒரு நூலைச் சேர்த்தால் அதன் மூலத்தைத் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். இன்னொருவர் மேற்கோள் காட்டியதை அப்படியே எடுத்துப் போட மாட்டாள். நான் அதைப் பாராட்டியிருக்கிறேன். என் கைப்பட மதிப்பீட்டில்கூட எழுதினேன்.

இரண்டாவது வருஷம் ஒரு மதியம் என் அறைக் கதவைத் தட்டினாள்.

"புரொபசர், சின்ன சந்தேகம். இந்த ஷோர் யாரு?"

"எந்த ஷோர்?"

"உங்க பழைய கட்டுரையோட பட்டியல்ல ஒரு அறிக்கை இருக்கு. 'பவளத்திட்டுகளில் ஷோர் விதி: மேலும் சில சோதனைகள்'. நீங்க சின்ன எழுத்துல போட்டிருக்கீங்க. சரி, ஷோர்னா கடற்கரைதானேன்னு நானும் விட்டுட்டேன். ஆனா நூலக அட்டவணையில, அங்கயும் ஆசிரியர் பேரு இல்ல, ஷோரோட முதல் எழுத்து மட்டும் பெரிசா இருக்கு. கடற்கரைக்கு எதுக்கு அவ்வளவு மரியாதை?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"நூலகத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு வழக்கம், லூபே. எல்லாத்தையும் பெரிசா போடுறவங்க இருக்காங்க."

"மத்த வார்த்தை எல்லாம் சின்னதாத்தான் இருக்கு. அதான் கேட்டேன். பரவாயில்ல, நான் போய் அறிக்கையவே பாத்துட்டு வர்றேன்."

அவள் போன பிறகு நான் அந்தப் பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். கடலைப் பற்றிய கட்டுரையில் கடற்கரை என்ற சொல் சிறிய எழுத்தில் வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? முப்பது வருஷமாக யாரும் பார்க்கவில்லை.

எனிட் ஷோர் என் எதிர் அறையில் இருந்தவள். என் வயதுதான், என்னைவிடக் கொஞ்சம் வேகமாக யோசிப்பவள். இரண்டு பருவம் தொங்காவின் பவளத்திட்டுகளில் அளவுகோல்களை நட்டு அலைகளை அளந்துவிட்டு, உதடெல்லாம் வெடித்துத் திரும்பி வந்தாள். அந்த அளவுகளிலிருந்து ஒரு சூத்திரத்தை எடுத்தாள். அவளே அதற்குப் பெயர் வைக்கவில்லை. அதைச் சோதித்து எழுதிய அறிக்கைக்குத் தலைப்பிட்டபோது துறைத் தலைவராக இருந்தவர்தான் விளையாட்டாக ஷோர் விதி என்று எழுதச் சொன்னார். கடற்கரையும் ஆச்சு, உன் பேரும் ஆச்சு என்றார். அந்த அறிக்கை அச்சான கையோடு அவள் படுத்துவிட்டாள். மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துக்கோ, இர்வின்," என்றாள். நான் பார்த்துக்கொண்டேன். அரைகுறையாகக் கிடந்ததை ஒழுங்குபடுத்தி, நல்ல ஆங்கிலத்தில் எழுதி, உலகம் படிக்கிற இதழில் வெளியிட்டேன்.

இல்லை, அவள் சாவில் எனக்குப் பங்கு இல்லை. கணையத்தில் புற்றுநோய். உங்கள் பேனா நின்ற விதத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

அவள் அறிக்கையை நான் மேற்கோள் காட்டாமல் விடவில்லை. பட்டியலில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் அறிக்கைகளுக்கு நிறுவனத்தின் பெயர் முதலில் வர வேண்டும், ஆசிரியர் பெயர் வரத் தேவையில்லை என்று பாணிக் கோப்பில் எழுதிவைத்தேன். தலைப்பில் வளைவு அடைப்புப் போடவில்லை. திருட்டு என்று எங்கள் துறைத் தலைவி மோராக் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். திருடுகிறவன் பொருளை ஒளித்துவைப்பான். நான் அவள் பெயரைச் சிறிய எழுத்தில் போட்டேன், அவ்வளவுதான்.

லூபேயின் கேள்விக்குப் பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. இத்தனை மாணவர்கள் கேட்காததை இவள் ஏன் கேட்கிறாள்? எனிடுக்கு ஓமரூவில் ஒரு தம்பி உண்டு என்று நினைவு வந்தது. ஒருநாள் லூபேயின் மழைக்கோட்டுப் பையிலிருந்து ஓமரூ பேருந்துச் சீட்டு எட்டிப் பார்த்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன். பாடகர் குழுவோடு பென்குயின் பார்க்கப் போனதாகச் சொன்னாள். கேட்காமலே தொலைபேசியை எடுத்துப் பென்குயின் படங்களைக் காட்டினாள். அவ்வளவு சீக்கிரம் ஆதாரம் காட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை. சந்தேகப்படுவது ஆராய்ச்சியாளனின் வேலை. யாரோ அவளை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்றுவரை அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆதாரம் இல்லை என்பதால் அது நடக்கவில்லை என்று ஆகாது.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அறிக்கையை அவளுக்கு முன்னால் நான் எடுத்துவந்துவிட்டேன். ஒரே பிரதிதான். நீங்கள் கால் நீட்டியிருக்கிறீர்களே, அந்த அடுப்பில்தான் போட்டேன். பழைய தாள், ஈரம் கோத்திருந்தது, நன்றாக எரியவில்லை. கிளறிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் வந்து நின்றாள். "காணோமாம், புரொபசர். போன வாரம் அலமாரியில இருந்திருக்கு, இப்ப இல்லையாம்."

"பழசுதானே. எங்கயாவது இடம் மாறியிருக்கும்."

"நான் தொங்கா தலைநகர் நுக்குஅலோஃபாவுல இருக்கிற அரசாங்க அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். அவங்க பிரதி புயல்ல போயிடுச்சாம். ஆனா அங்க ஒரு அம்மா சொல்றாங்க, எழுதினது ஒரு வெள்ளக்காரப் பொண்ணுன்னு. ஷோர்ங்கறது அவங்க பேரா இருக்குமோ?"

"இருக்கலாம். தேடிப் பாரு," என்றேன்.

அப்போதே அவளைத் தடுத்திருந்தால் அவள் சந்தேகப்பட்டிருப்பாள். அதனால் தடுக்கவில்லை. வேறு வழியில் தாமதப்படுத்தினேன்.

மாணவர்களின் ஆய்வேடுகள் எல்லாம் துறையின் பொதுக் கணினியில்தான் இருக்கும். பாணிக் கோப்பைப் பராமரிக்கிறவன் என்பதால் எல்லோருடைய கோப்புறைக்குள்ளும் போக எனக்கு அனுமதி இருந்தது. லூபே வீட்டுக்குப் போன பிறகு அவள் பட்டியலைத் திறந்தேன். அவள் ஒவ்வொரு பெயருக்கும் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்த வளைவு அடைப்புகளில் சிலவற்றை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் அல்ல. எல்லாம் போனால் கணினிமேல் சந்தேகம் வரும். சில மட்டும் போனால் தன்மேல்தான் வரும்.

மறுநாள் காலை அவள் அறையிலிருந்து விசைப்பலகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். திடீரென்று நின்றது. தொங்கா என்ற பெயரும் வவாவு என்ற பெயரும் சிறிய எழுத்தில் வந்திருந்தன. தன் ஊரின் பெயரையே சரியாக எழுதாமல் விட்டோமா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். பிறகு மறுபடி தட்டும் சத்தம் கேட்டது. திருத்திவிட்டாள்.

அடுத்த வாரம் விவரங்களின் வரிசையை மாற்றினேன். அவள் கோப்புறைக்குள் மட்டும் பாணிக் கோப்பின் இன்னொரு வடிவத்தை வைத்தேன். சில பதிவுகளில் ஆண்டு முன்னால் வரும், சிலவற்றில் தலைப்பு முன்னால் வரும். அவள் திருத்துவாள். சில நாள் விட்டுவைப்பேன். மறுபடி மாற்றுவேன். பெரிய தவறு எதையும் நான் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளுடைய கணக்குகளில் கை வைக்கவில்லை. ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை. கணக்கு எனக்குப் புனிதமானது.

முதலில் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "என் பட்டியலுக்குப் பேய் பிடிச்சிருக்கு, புரொபசர்." இரண்டு மாதம் கழித்து அந்தச் சிரிப்பு இல்லை. ஒரு காலை துறைத் தலைவி மோராக் ஸ்ட்ராங்கைக் கூப்பிட ஓடினாள், வந்து பாருங்கள் என்று. மோராக்கின் அறை நடைவழியின் அந்தக் கோடியில். இருவரும் நடந்து வருவதற்குள் நான் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன். சுவர் வழியாக எல்லாம் கேட்டது.

"எதைப் பாக்கணும், லூபே? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"இல்ல, இப்பத்தான் பாத்தேன். இந்த வரியில... இங்க தலைப்பு முன்னால வந்திருந்துச்சு. சத்தியமா."

"ராத்திரி தூங்குறியா நீ?" என்று மோராக் கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள்.

அன்று மாலை நான் மோராக்கிடம் போய், லூபேயைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே கவலையாகத்தான் இருந்தது.

பிறகு அவள் தொலைபேசியில் படம் எடுக்க ஆரம்பித்தாள். மாலை கிளம்பும் முன் திரையைப் படம் எடுத்துவிட்டு, காலையில் ஒப்பிட்டுப் பார்ப்பாள். புத்திசாலித்தனமான யோசனை. நான் எதிர்பார்க்காதது. ஒருநாள் படத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"நேத்து இப்படி இருக்கு. இன்னிக்குப் பாருங்க. யாரோ மாத்துறாங்க, புரொபசர்."

யாரோ என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் என்னை நினைத்துச் சொல்லவில்லை. அந்தக் கணத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அவள் கொஞ்சம் சந்தேகக்காரியாக இருந்திருந்தால் எல்லாமே அங்கேயே முடிந்திருக்கும். அந்த விஷயத்தில் அவளிடம் ஒரு குறை இருந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"வா, சேர்ந்தே பாப்போம்," என்று அவள் அறைக்குப் போனேன். அவள் கோப்புறைக்குள் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. இரண்டாவதை வைத்தவன் நான். அவள் படம் எடுக்கத் தொடங்கியதைக் கவனித்து, அவள் வந்து காட்டுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே வைத்திருந்தேன். "ஒண்ணுல திருத்திட்டு இன்னொண்ணைத் திறந்து பாக்கிற, லூபே. அதான் குழப்பம்."

அவள் திரையைப் பார்த்தபடியே நின்றாள். "இத எப்ப செஞ்சேன்னு ஞாபகமே இல்லையே," என்றாள். பிறகு, "மன்னிச்சுக்கோங்க, உங்க நேரத்த வீணாக்கிட்டேன்," என்றாள்.

"இதுல மன்னிக்க என்ன இருக்கு," என்றேன். தோளில் தட்டிக் கொடுத்தேன்.

இவ்வளவு நடந்தும் ஷோரை அவள் விடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறையில் எல்லோருக்கும் முன்னால் ஒரு உரை நிகழ்த்த வேண்டும். அவள் தன் உரையின் நடுவில், பீட்டி விதி என்று நாம் சொல்வதற்கு முன்னோடி ஒன்று இருக்கிறது, எனிட் ஷோர் என்பவருடைய அறிக்கை, அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சரியாக மேற்கோள் காட்ட வேண்டும் என்று சொல்லப்போவதாக என்னிடமே வந்து சொன்னாள். பழைய ஊழியர் பட்டியலிலிருந்து முழுப் பெயரையும் எடுத்திருந்தாள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்கிறாளாம்.

"நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க, புரொபசர். பாணிக் கோப்பு செஞ்ச வேலை. பெரிய எழுத்து போயிடுச்சு, அவங்களும் போயிட்டாங்க."

இதைவிடத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. ஒரு கணம் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. "தாராளமா சொல்லு," என்றேன்.

உரை மதியம். காலையில் அவள் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்ப்பது சுவர் வழியாகக் கேட்டது. வாய்விட்டுப் படிப்பாள், அந்த மாதங்களில் அப்படி ஒரு பழக்கம் வந்திருந்தது. ஷோர், முதல் எழுத்து பெரிசு, சரி. ஆசிரியர் முதல்ல, சரி. பிறகு சாப்பிடப் போனாள். நான் சாப்பிடவில்லை.

அரங்கில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அவள் நன்றாகத்தான் தொடங்கினாள். தேவாலயத்துக்குப் போடும் கறுப்பு உடையைப் போட்டிருந்தாள். "இந்தப் பதிவைப் பாருங்க. ஆசிரியர் பேரு முதல்ல இருக்கு, தலைப்புல ஷோர்ங்கறது பெரிய எழுத்துல," என்று திரையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

திரையில் நிறுவனத்தின் பெயர் முதலில் இருந்தது. ஆசிரியர் பெயர் எங்கும் இல்லை. ஷோர் சிறிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே தொங்கா, அதுவும் சிறிய எழுத்தில்.

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. பாடத்தை மறந்த குழந்தையைப் போலக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தாள். "காலையில பாத்தேன். சத்தமாப் படிச்சேன்," என்றாள், யாரிடமும் அல்ல. முன்வரிசையில் மோராக் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் யாரோ பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், ரொம்ப நாளாவே இப்படித்தான்," என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.

நான் எழுந்து போய் அவள் கையிலிருந்த சுட்டியை வாங்கிக்கொண்டேன். "பரவாயில்ல, லூபே. உட்காரு. மீதிய நான் சொல்றேன்," என்றேன். மீதி உரையை நானே முடித்தேன். எனிட் ஷோரைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் அவளை இன்னும் நோகடித்ததாக ஆகும் என்று எல்லோருக்கும் இரக்கம்.

அதன் பிறகு அவள் துறைக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா சேலா ஆக்லாந்திலிருந்து வந்தாள். தொங்கா வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றி, மரியாதைக்குரிய இடத்துக்கு வருகிற மாதிரி என் அறைக்கு வந்தாள். கையில் சேம்பிலைக் கறி டப்பா.

"பொண்ணு அடுப்ப அணைச்சுட்டுத் திரும்பிப் போய்ப் பாக்குது, புரொபசர். திரும்பவும் போய்ப் பாக்குது. பைபிளைத் திறந்தா ஏசுவோட பேரு பெரிய எழுத்துல இருக்கான்னு ஒவ்வொரு பக்கமாத் தடவிப் பாக்குது. பாடுறதில்ல. வரி மாறிப்போயிடுமாம்."

நல்ல மருத்துவர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் அவள் உடம்புக்கு நல்லது என்று சொன்னேன். சேலா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களாலதான் எம் பொண்ணு இவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சா. அவளே சொன்னா," என்றாள். கறி மிக நன்றாக இருந்தது. டப்பாவைக் கழுவித் தபாலில் அனுப்பிவைத்தேன்.

அவள் எழுதி முடித்திருந்த ஒரு பகுதியை வீணாக்க மனமில்லாமல் போன வருஷம் நான் வெளியிட்டேன். நன்றியுரையில் அவள் பெயர் இருக்கிறது. பெரிய எழுத்தில்.

மீதி உங்களுக்குத் தெரியும். பழைய பொதுக் கணினியை மாற்றும்போது அது ஒவ்வொரு இரவும் தானாகவே பிரதி எடுத்து வைத்திருந்தது தெரியவந்தது. எந்தக் கோப்பை யார், எந்த நேரத்தில் மாற்றினார்கள் என்பதும் அதில் இருந்தது. எனக்குத் தெரியாது. பாணிக் கோப்பு ஒன்றுதான் என் பொறுப்பு. மோராக் அவற்றை அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"இர்வின், இது நீயா?"

"ஆமாம்."

"அந்த உரை அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான்."

"எங்கிட்ட அவ வந்து பாருங்கன்னு சொன்னப்போ..." என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனாள். முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் நாங்கள். என் பழைய கட்டுரையின் நூற்பட்டியல் கோப்பிலிருந்து எனிடின் பெயரையும் அவள்தான் கண்டுபிடித்தாள். ஆசிரியர் விவரத்துக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு மென்பொருள் அதைப் படிக்காமல் செய்திருந்தேன். அழிக்கவில்லை. அழித்துவிடலாம் என்று தோன்றியதே இல்லை. எனிட் எனக்கு வேண்டியவள்.

ஆக, நீங்கள் கேட்க வந்ததற்கெல்லாம் பதில் இதுதான். வளைவு அடைப்புகளை எடுத்தது நான். வரிசையை மாற்றியது நான். இரண்டாவது பட்டியலை வைத்தது நான். அறிக்கையை எரித்தது நான். லூபேயை யாரும் நம்பக் கூடாது என்று நினைத்துத் தொடங்கினேன். அவளே தன்னை நம்பாமல் போவாள் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனால் அது நடந்தபோது நிறுத்தவில்லை. எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இங்கே வருவதற்கு முன் நீங்கள் மாங்கெரேக்குப் போய் லூபேயைப் பார்த்ததாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னீர்கள். அச்செடுத்த பக்கங்கள் எல்லாவற்றையும் அவளிடம் காட்டினீர்கள். நேரம், தேதி, என் பெயர், எல்லாவற்றையும். அவள் ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்துவிட்டு, திருப்பிக் கொடுத்து, "நீங்க தப்பா அச்சடிச்சிருக்கீங்க, மேடம். புரொபசர் அப்படிச் செய்ய மாட்டார். நான்தான் சரியாப் பாக்கல," என்றாளாம். இதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறியது. என்னைக் குத்திக்காட்டத்தான் சொன்னீர்கள் என்று புரிகிறது.

எனக்கு அது அப்படிப் படவில்லை. நேற்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். நான் சொன்னதும் உங்கள் அச்சுப் பக்கங்களும் ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் சொன்னதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தள்ளிவிடாதீர்கள். எதையும் தன் கண்ணால் பார்த்துத் தீர விசாரிக்காமல் ஒரு வார்த்தை சொல்லாத பெண் அவள். அவளைவிட நம்பத் தகுந்த சாட்சி உங்களுக்குக் கிடைக்கமாட்டாள்.